அமெரிக்காவில் யூதர் வாழ்வைப் பார்க்க எந்த ஊருக்குப் போகலாம்?

வரலாற்றுவாத்தியார்
எல்லாருக்கும் வணக்கம். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், நியூ ஜெர்சி எடிசனில். ஐப்பசி வரை இங்கேதான் இருப்பேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன்.

எங்கள் பாடநூலில் யூதர் என்றால் ஹிட்லர் வருவார், வதைமுகாம் வரும், 1945-ல் பாடம் முடிந்துவிடும். உயிரோடு இருக்கிற யூதர் எப்படி வாழ்கிறார் என்று ஒரு வரி இருக்காது. பியூ ஆய்வு நிறுவனத்தின் 2020 கணிப்புப்படி அமெரிக்காவில் மட்டும் குழந்தைகளோடு சேர்த்து சுமார் 75 லட்சம் பேர். இணையத்தில் தேடினால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், மயாமி, சிகாகோ என்று தலைக்கணக்குப் பட்டியல்தான் கிடைக்கிறது. எனக்கு அது போதவில்லை. ஓர் ஊரில் யூத சமூகம் வலுவாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். ரயில் ஏறுவேன், நன்றாக நடப்பேன். கார் ஓட்டத் தெரியாது.

குயின்ஸ்வாசி
வணக்கம் ஐயா. எடிசனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பென் ஸ்டேஷன். கேள்வியே வேண்டாம், நியூயார்க்கில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு. 1881-ல் ரஷ்யாவில் ஜார் மன்னர் கொல்லப்பட்டார், பழி யூதர் மேல் விழுந்தது, ஊர் ஊராகக் கலவரம். அன்றிலிருந்து 1924-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டம் போட்டுக் கதவைச் சாத்தும் வரை, கிழக்கு ஐரோப்பாவில் இருந்து 20 லட்சத்துக்கு மேல் யூதர் கப்பலேறி வந்தார்கள். அதில் பெரும் பங்கு முதலில் தங்கிய இடம் இந்தச் சில தெருக்கள்தான். ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 1863-ல் கட்டிய அந்த ஒரே கட்டடத்தில் 1935 வரை சுமார் 7,000 பேர் குடியிருந்திருப்பார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். முன்னறை, சமையலறை, ஜன்னலே இல்லாத ஒரு படுக்கையறை. அதில் ஒரு குடும்பம், மேலே ஒன்றிரண்டு ஒண்டுக்குடித்தனக்காரர்கள். பகலில் முன்னறையே தையற்கூடம்.

அந்தத் தையல் வேலையின் முடிவு என்ன ஆனது என்று பார்க்க வாஷிங்டன் சதுக்கம் வரை நடங்கள். 1911 மார்ச் 25, டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீ. கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம்பெண்கள். அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றைப் புரட்டிப்போட்ட நாள் அது. கட்டடம் இன்னும் நிற்கிறது, பல்கலைக்கழக வகுப்பறைகளாக.

ஈஸ்ட் பிராட்வேயில் ஃபார்வர்ட் என்ற யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர் பேசும் மொழி) நாளிதழ் 1912-ல் கட்டிய பத்து மாடிக் கட்டடத்தையும் பாருங்கள். 1906-ல் அந்த நாளிதழில் வாசகர் கடிதப் பகுதி ஒன்று ஆரம்பித்தார்கள். "கணவன் ஊரில் விட்டுவிட்டு வந்துவிட்டான்", "மகன் ஓய்வுநாளில் வேலைக்குப் போகிறான், என்ன செய்வது" என்று ஜனங்கள் எழுதுவார்கள், ஆசிரியர் பதில் சொல்வார். புது நாட்டில் எப்படி வாழ்வது என்பதை லட்சக்கணக்கான பேர் ஒரு செய்தித்தாளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாறு
குயின்ஸ்வாசி சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஐயா கேட்டது வேறு. லோயர் ஈஸ்ட் சைடில் இன்று பார்ப்பது பெரும்பாலும் இருந்ததன் அடையாளம். எல்ட்ரிட்ஜ் தெருவில் 1887-ல் எழுந்த ஜெப ஆலயம் அருமையான கட்டடம்தான். இன்று அது அருங்காட்சியகம், சுற்றிலும் சைனாடவுன்.

வலு என்றால் என்னைப் பொறுத்தவரை ஒரே சோதனைதான்: சனிக்கிழமை காலையில் எத்தனை பேர் நடந்து ஜெப ஆலயத்துக்குப் போகிறார்கள்? அந்தச் சோதனையில் நான் முதலிடம் கொடுக்கும் ஊர் பிட்ஸ்பர்க். அதன் ஸ்குவிரல் ஹில் பகுதி. படிக்க வந்து, வேலை கிடைத்து, அங்கேயே தங்கிவிட்டேன். பாரபட்சம் இருக்கிறது, மறைக்கவில்லை.

கடலூர்கணேசன்
நடப்பதுதான் அளவுகோல் என்றால் பிட்ஸ்பர்க் எதற்கு? நம்ம நியூ ஜெர்சியிலேயே லேக்வுட் இருக்கிறது. 1943-ல் ரபி (யூத மதகுரு) ஆரன் காட்லர் அங்கே ஒரு யெஷிவா, அதாவது யூத மதக் கல்லூரி, ஆரம்பித்தார். அன்று அது பணக்காரர் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் ஊர். இன்று இஸ்ரேலுக்கு வெளியே உலகிலேயே பெரிய யெஷிவா அதுதான். 2010-ல் 92,843 பேர், 2020-ல் 1,35,158 பேர். பத்தே வருஷத்தில்! நியூயார்க் மாநிலத்தில் கிரியாஸ் ஜோயல் இருக்கிறது, சத்மார் என்ற ஹசிதிக் (தீவிர மரபுவாத) பிரிவு யூதர்கள் 1977-ல் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஊர். வீட்டில், தெருவில், கடையில் எல்லாம் யித்திஷ். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த குழந்தை யித்திஷில் சண்டை போடுவதை அங்கேதான் கேட்கலாம்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. லேக்வுட்டில் பெரும்பாலான பிள்ளைகள் தனியார் மதப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் பஸ் விட வேண்டியது அரசுப் பள்ளி மாவட்டம். அரசுப் பள்ளியில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். மாவட்டம் பல வருஷமாக மாநில அரசின் கடனில் ஓடுகிறது. கிரியாஸ் ஜோயலுக்கென்று தனிப் பள்ளி மாவட்டம் உருவாக்கிய சட்டம் செல்லாது என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. ஒரு சமூகம் தனக்குள் வலுவாக இருப்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்து வாழ்வது வேறு. இரண்டையும் பார்த்துத்தான் ஐயா எடை போட வேண்டும்.

நெறியாளர்
இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மேற்கு ஆசிய அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் எழுதுங்கள். இங்கே அமெரிக்க ஊர்களைப் பற்றி மட்டும்.

மூன்றாறு
கணேசன் அண்ணா சொன்ன அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் பிட்ஸ்பர்க்கைச் சொன்னேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நெறி தவறாத யூதருக்கு வெள்ளி சூரியன் மறைவதில் இருந்து சனி இரவு வரை ஓய்வுநாள். வண்டி ஓட்டக்கூடாது. ஆகவே ஜெப ஆலயம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அன்றைக்குப் பொது இடத்தில் எதையும் சுமக்கவும் கூடாது. வீட்டுச் சாவி, குழந்தைத் தள்ளுவண்டி, எதுவும். அதற்குத்தான் ஏருவ் என்று ஓர் எல்லை கட்டுகிறார்கள். மின்கம்பம், வேலி, ஆற்றங்கரைச் சரிவு இவற்றையெல்லாம் இணைத்து, இடைவெளி வரும் இடத்தில் மெல்லிய கம்பியோ நரம்போ இழுத்து, ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீட்டு முற்றம் போல ஆக்கிவிடுவார்கள். தெரியாதவன் கண்ணுக்கு அது படவே படாது. வாரம் தவறாமல் ஒருவர் சுற்றிவந்து எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார். புயலில் கம்பி அறுந்து சரிசெய்ய முடியாமல் போனால், ஏருவ் இல்லை என்று வெள்ளிக்கிழமையே செய்தி போகும். அந்த வாரம் கைக்குழந்தை உள்ள அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவார். வீட்டு விலை ஏருவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

இது மரபை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்கு. பியூ கணக்கில் அவர்கள் வயதுவந்த யூதரில் 9 சதவீதம்தான். காலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும் ரிஃபார்ம் 37, இரண்டுக்கும் நடுவிலான கன்சர்வேட்டிவ் 17, எந்தப் பிரிவிலும் சேராதவர் 32. கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு 1950-ல் ஒரு முடிவெடுத்தது: ஜெப ஆலயத்துக்குப் போவதற்கு மட்டும் ஓய்வுநாளில் கார் ஓட்டலாம். புறநகரில் வீடு வாங்கிய குடும்பங்கள் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் எடுத்த முடிவு. ஆனால் கார் வந்த பிறகு, அக்கம்பக்கமாக வாழ வேண்டிய கட்டாயம் போய்விட்டது. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

டெட்ராயிட்டில் யூதர் ஹேஸ்டிங்ஸ் தெருவில் இருந்தார்கள், பிறகு பன்னிரண்டாம் தெரு, டெக்ஸ்டர், பிறகு ஊருக்கு வெளியே ஓக் பார்க், சவுத்ஃபீல்ட், வெஸ்ட் புளூம்ஃபீல்ட். ஒரு தலைமுறைக்கு ஓர் இடம். கிளீவ்லாந்தில் கிளென்வில் பகுதி. சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு யூதப் பையன்கள் அங்கே பள்ளியில் படித்தவர்கள். பிறகு அங்கிருந்து கிளீவ்லாந்து ஹைட்ஸ், பீச்வுட். பழைய ஜெப ஆலயங்கள் பல கறுப்பின மக்களின் தேவாலயங்கள் ஆயின.

ஸ்குவிரல் ஹில் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1910, 20-களில் ஹில் டிஸ்ட்ரிக்டில் இருந்து வந்தவர்கள் அப்படியே நிலைத்தார்கள். 2017-ல் எடுத்த கணக்கெடுப்பில்கூட பிட்ஸ்பர்க் வட்டார யூதரில் நாலில் ஒருவர் அங்கேதான். ஊருக்குள்ளேயே, பஸ் போகும் தூரத்தில், இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில். ஃபோர்ப்ஸ் அவென்யூவும் மரே அவென்யூவும் வெட்டும் மூலையில் யூத சமூக மையத்தின் கடிகாரம் இருக்கிறது, எண்ணுக்குப் பதில் எபிரேய எழுத்து போட்டது. அதற்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். கறுப்பு அங்கி போட்ட யெஷிவா பையன், சீன மாணவி, நம்ம ஊர் கணினிப் படிப்பு மாணவன். மரே அவென்யூவில் கோஷர் (யூத உணவு விதிப்படியான) கடைக்கு நாலு கடை தள்ளித் தைவான் உணவகம்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை. டிரீ ஆஃப் லைஃப் கட்டடத்தில் மூன்று சபைகள் வழிபட்டுக்கொண்டிருந்தன. துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்து பதினோரு பேரைக் கொன்றான். சீக்கிரமே வந்துவிடும் முதியவர்கள்தான் பெரும்பாலும். நான் அப்போது அங்கேதான் குடியிருந்தேன். அந்த வாரம் முழுக்கத் தெருவில் இறுதி ஊர்வலங்கள். பிட்ஸ்பர்க் இஸ்லாமிய மையம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, ஊரின் பெரிய நாளிதழ் முதல் பக்கத் தலைப்பாக கதீஷ் என்ற, இறந்தவர்களுக்காகத் துக்கம் காப்பவர் சொல்லும் பிரார்த்தனையின் முதல் சொற்களை எபிரேய எழுத்திலேயே அச்சிட்டது. படிக்கத் தெரியாத ஊர் மொத்தமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஓர் ஊர் தன் யூதரைத் தன்னவராக நினைக்கிறதா என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

தேவோன்தெரு
மூன்றாறு எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சிகாகோவில் இருந்து எழுதுகிறேன். இடம்பெயர்வதை ஏதோ தோல்வி மாதிரிச் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. இங்கே மேக்ஸ்வெல் தெருவில் தள்ளுவண்டியோடு ஆரம்பித்தார்கள், பிறகு லாண்டேல், பிறகு வடக்கே ராஜர்ஸ் பார்க், ஸ்கோக்கி. லாண்டேலின் டக்ளஸ் பூல்வார்டில் ருமேனிய யூதர் கட்டிய ஜெப ஆலயம் 1954-ல் ஸ்டோன் டெம்பிள் பாப்டிஸ்ட் தேவாலயம் ஆனது. பிறகு மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து பேசினார். சுவரில் தாவீதின் நட்சத்திரம் இன்றும் இருக்கிறது, இடித்துத் தள்ளவில்லை.

தேவோன் அவென்யூ நம்மவர் எல்லாருக்கும் தெரியும், 1974-ல் பட்டேல் பிரதர்ஸ் முதல் கடை திறந்த தெரு. அதற்கு முன் அது யூதக் கடைத்தெரு. இன்றும் ஒரே தெருவுக்கு ஒரு பகுதியில் காந்தி மார்க், ஒரு பகுதியில் ஜின்னா வே, இன்னொரு பகுதியில் இஸ்ரேல் பிரதமராக இருந்தவர் பெயரில் கோல்டா மேயர் பூல்வார்ட் என்று பலகை. புடவைக் கடை முடிந்து மேற்கே நடந்தால் யூதர் வாழும் பக்கம் வந்துவிடும். அங்கே யூதர் போய்விடவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

ஸ்கோக்கியைச் சொல்லாமல் விட முடியாது. 1970-களில் சுமார் 70,000 பேர் வாழ்ந்த ஊர், பாதிக்கு மேல் யூதர், வதைமுகாமில் உயிர்தப்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1977-ல் ஒரு நாஜிக் குழு அந்த ஊரைத் தேர்ந்தெடுத்து ஊர்வலம் போக அனுமதி கேட்டது. குடிமை உரிமைச் சங்கம் நாஜிகளின் பேச்சுரிமைக்காக வாதாடியது, வாதாடிய வழக்கறிஞரே யூதர். சங்கத்தை விட்டு ஏராளமான உறுப்பினர் விலகினார்கள். வழக்கில் நாஜிகள் ஜெயித்தார்கள், ஆனாலும் ஸ்கோக்கியில் ஊர்வலம் நடக்கவே இல்லை, சிகாகோவுக்குள் நடத்திவிட்டுப் போனார்கள். அதுவரை பிள்ளைகளிடம்கூடத் தங்கள் கதையைச் சொல்லாமல் இருந்த முதியவர்கள் அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். 1981-ல் ஓர் அமைப்பு தொடங்கி, ஒரு சின்னக் கடை இடத்தில் கண்காட்சி வைத்தார்கள். அது வளர்ந்து 2009-ல் இல்லினாய் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம் ஆனது. ஐயா, நீங்கள் வகுப்பில் 1945-ல் நிறுத்திய பாடம் இங்கே தொடர்கிறது.

பசிபிக்கரை
எல்லாரும் கிழக்கு ஐரோப்பாவையே பேசுகிறீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.

1979 ஈரான் புரட்சிக்குப் பிறகு தெஹ்ரானில் இருந்தும் ஷிராஸில் இருந்தும் ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்கள் இங்கே வந்தன. 2007-ல் பெவர்லி ஹில்ஸ் மேயரான ஜிம்மி டெல்ஷாத் ஷிராஸில் பிறந்த யூதர். என் பக்கத்து வீட்டு அம்மா அந்தத் தலைமுறை. எகிப்தின் அடிமைத்தனத்தில் இருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்கா விருந்துக்கு ஒரு முறை கூப்பிட்டார். பாட்டு ஒரு கட்டத்துக்கு வந்ததும் தாத்தா முதல் பேரன் வரை எல்லாரும் வெங்காயத்தாளை எடுத்து ஒருவர் முதுகில் ஒருவர் அடிக்க ஆரம்பித்தார்கள்! எகிப்தில் பட்ட சவுக்கடியின் நினைவாம். என் கையிலும் ஒரு கொத்தைக் கொடுத்தார்கள். அப்புறம் சோறு, அடியில் பொன்னிறமாக முறுகிய சோறு. ஐரோப்பிய வழி யூதர் வழக்கப்படி பஸ்கா எட்டு நாளும் அரிசி தொடமாட்டார்கள், இந்த வீட்டில் அரிசி இல்லாமல் பண்டிகையே இல்லை. கன்சர்வேட்டிவ் பிரிவு 2015-ல்தான் அரிசி, பருப்புக்கு எல்லாருக்கும் அனுமதி கொடுத்தது.

இங்கே பிக்கோ-ராபர்ட்சன் பகுதியில் சனிக்கிழமை நடந்து போகும் கூட்டமும் உண்டு. கார் நகரம்தான், ஆனாலும் உண்டு. பழைய இடம் பாயில் ஹைட்ஸ். அங்கே 1931-ல் திறந்த கேண்டர்ஸ் டெலி பிறகு ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவுக்கு மாறியது, கூட்டமும் அந்தப் பக்கம்தான் போனது. சாப்பாட்டுக் கடை எங்கே நகர்கிறதோ அங்கேதான் சமூகம் என்று நம்புகிறவள் நான்.

தென்கிழக்கு
ஜார்ஜியாவில் இருந்து ஒரு குறிப்பு. யூதர் என்றாலே வடக்கு என்று நினைக்கிறோம். ஆனால் 1800 வாக்கில் அமெரிக்காவிலேயே அதிக யூதர் இருந்த ஊர் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். சவன்னா ஊர் தோன்றி ஐந்தே மாதத்தில், 1733 ஜூலையில், லண்டனில் இருந்து 42 யூதர் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஊரில் கொள்ளைநோய். கப்பலில் வந்த மருத்துவர் சாமுவேல் நூனெஸ் போர்ச்சுகல் மதவிசாரணைக்குத் தப்பி வந்தவர். அவர் வைத்தியம் பார்த்தார், ஊரை நிறுவிய ஓகிள்தார்ப் எல்லாரையும் தங்கச் சொல்லிவிட்டார். அவர்கள் அன்று கொண்டுவந்த தோரா என்ற வேதச் சுருள் மிக்வே இஸ்ரேல் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது.

சார்ல்ஸ்டன் ஜெப ஆலயத்தில் 1824-ல் சில உறுப்பினர்கள் வழிபாட்டைச் சுருக்குங்கள், ஆங்கிலத்திலும் நடத்துங்கள் என்று மனு கொடுத்தார்கள். நிர்வாகம் மறுத்தது, அவர்கள் தனியே பிரிந்தார்கள். அமெரிக்காவில் ரிஃபார்ம் யூதத்தின் முதல் அடி அது. அவர்கள் பிரிந்துவந்த பழைய சபையின் கட்டடம், 1840-ல் கிரேக்கத் தூண்களோடு எழுந்தது, அடிமைகளின் உழைப்பில் கட்டப்பட்டது. அந்த ஊர் யூதரில் பலர் அடிமை வைத்திருந்தவர்கள். இதையும் சேர்த்துத்தான் அந்த ஊரைப் பார்க்க வேண்டும்.

வரலாற்றுவாத்தியார்
ஒவ்வொரு பதிவையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தென்கிழக்கு, அந்தக் கடைசி வரிக்கு நன்றி. எகிப்தின் அடிமைத்தனத்தை வருஷா வருஷம் பாடும் ஒரு சமூகம் அடிமைகளையும் வைத்திருந்தது என்றால், அந்த வீடுகளில் பஸ்கா இரவில் பரிமாறிய கைகள் யாருடையவை? வகுப்பில் இருந்திருந்தால் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைத்தான் வைத்திருப்பேன்.

மயாமி பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், ரயிலில் போகக்கூடிய தூரத்தில் பழைய ஜெப ஆலயம் எது?

குயின்ஸ்வாசி
மயாமிக்கு நான் போனது உண்டு, ஒரு வரியில்: கடற்கரை ஓட்டல்கள் ஒரு காலத்தில் யூதரை உள்ளேயே விடாத ஊர், பிறகு வடக்கில் ஓய்வு பெற்ற யூதர் நிரம்பிய ஊர், இப்போது கியூபா, லத்தீன் அமெரிக்க யூதரும் சேர்ந்த ஊர். யித்திஷ் எழுத்தாளர் ஐசக் பாஷவிஸ் சிங்கர் 1978-ல் நோபல் வாங்கினார் அல்லவா, கடைசிக் காலத்தில் அவர் அங்கே சர்ஃப்சைடில்தான் இருந்தார்.

பழைய கட்டடம் என்றால் ரோட் ஐலண்டின் நியூபோர்ட், டூரோ ஜெப ஆலயம், 1763. நாட்டில் நிற்பவற்றில் அதுதான் பழையது. 1790-ல் வாஷிங்டன் அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில், இந்த அரசு மதவெறிக்கு இடம்தராது, துன்புறுத்தலுக்குத் துணைபோகாது என்று உறுதி சொன்னார். ஆனால் அதற்குக் கார் வேண்டும், மருமகனைக் கேளுங்கள். ரயிலில் என்றால் பிலடெல்பியா. 1740-ல் தொடங்கிய மிக்வே இஸ்ரேல் சபை, பக்கத்திலேயே அமெரிக்க யூத வரலாற்றுக்கென்று பெரிய அருங்காட்சியகம்.

என் பேட்டையையும் சொல்லிவிடுகிறேன். குயின்ஸில் ரீகோ பார்க், ஃபாரஸ்ட் ஹில்ஸ் நடுவே 108-ஆம் தெரு. புகாரா யூதர், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் பக்கத்தில் இருந்து சோவியத் உடையும்போது வந்தவர்கள். பேக்கரியில் தந்தூர் அடுப்பு. மாவை உள்சுவரில் அறைந்து ஒட்டி வட்ட ரொட்டி எடுக்கிறார்கள், நடுவில் அச்சுக்குத்து, மேலே எள். சமோசா மாதிரியே சம்சா. பாட்டிகள் பூப்போட்ட தலைத்துணி. ஐரோப்பிய யூதர் என்ற ஒரே படத்தை வைத்திருந்த எனக்கு இந்தத் தெரு கண்ணைத் திறந்தது. புரூக்ளினுக்குப் போனால் இன்னும் விதம்: ஓஷன் பார்க்வேயில் சிரியா யூதர், பிரைட்டன் பீச்சில் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள், கிரவுன் ஹைட்ஸில் கபாத்-லுபாவிச் என்ற ஹசிதிக் இயக்கத்தின் தலைமையகம், பரோ பார்க்கில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு முன் ஊருக்கே கேட்கும்படி ஒலிக்கும் சைரன். நடந்து போகும் தூரம் மட்டும் அளவு என்றால்கூட, மூன்றாறு, நியூயார்க்கை யார் மிஞ்ச முடியும்?

இன்னொன்று. லெக்சிங்டன் அவென்யூவில் இருபத்தேழாம் தெருப் பக்கம் கோஷர் சான்று மாட்டிய தென்னிந்திய சைவ உணவகங்கள் பல வருஷமாக நடக்கின்றன. யூத சமையல் விதியில் பெரிய சிக்கல் இறைச்சியும் பாலும் சேரக்கூடாது என்பது. சைவச் சமையலறையில் அந்தச் சிக்கலே கிடையாது. மஷ்கியா என்ற மேற்பார்வையாளர் வந்து அடுப்பைப் பற்றவைப்பார், கீரையிலும் காலிஃபிளவரிலும் பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கிப்பா என்ற சிறு தொப்பி போட்ட குடும்பம் மசால்தோசை சாப்பிடும் காட்சிக்கு அங்கே போங்கள்.

மூன்றாறு
எண்ணிக்கையில் நியூயார்க்கை யாரும் மிஞ்ச முடியாது, மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க்கில் ஒவ்வொரு கூட்டமும் தன் தெருவில் தனித்தனியாக வாழ முடிகிறது, அவ்வளவு பேர் இருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் ஆள் குறைவு. ரிஃபார்ம் வீட்டுப் பையனும் லுபாவிச் வீட்டுப் பையனும் ஒரே சமூக மையத்தின் நீச்சல் குளத்துக்குத்தான் போயாக வேண்டும். சண்டை உண்டு, ஆனால் முகம் தெரிந்த சண்டை. நடுத்தர ஊர்களை ஐயா பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

ஓஹியோநதி
சண்டை என்றதும் எங்கள் சின்சினாட்டி ஞாபகம் வந்தது. ரபி ஐசக் மேயர் வைஸ் 1875-ல் இங்கே ஹீப்ரு யூனியன் கல்லூரியைத் தொடங்கினார். எல்லாப் பிரிவு அமெரிக்க யூதருக்கும் ஒரே கல்லூரி என்பது அவர் கனவு. 1883-ல் முதல் பட்டமளிப்பு, பெரிய விருந்து. மேசைக்கு வந்தது சிப்பி, நண்டு, இறால், தவளைக்கால், எல்லாம் விலக்கப்பட்ட உணவு. சில ரபிகள் எழுந்து வெளியேறினார்கள். அந்தப் பிளவும் சேர்ந்துதான் சில வருஷத்தில் நியூயார்க்கில் போட்டியாக இன்னொரு கல்லூரி வந்தது. வைஸின் பிளம் தெரு ஆலயம், 1866-ல் எழுந்தது, உள்ளே போனால் மூரிஷ் வேலைப்பாட்டில் கண் கூசும். அதே கல்லூரி இங்கே ரபிப் பயிற்சியை 2026-க்குள் முடித்துக்கொள்வது என்று 2022-ல் தீர்மானித்துவிட்டது. எங்கள் ஊருக்கு அது பெரிய இழப்பு. ஆவணக்காப்பகம் இங்கேயே இருக்கிறது, வரலாற்று ஆசிரியர் என்றால் ஒரு வாரம் உட்கார்ந்துவிடுவீர்கள்.

கடலூர்கணேசன்
ஐயா, இவ்வளவு தூரம் எல்லாம் பேசிவிட்டோம். உங்கள் வாசலிலேயே இருக்கிறது, ஹைலண்ட் பார்க். எடிசனை ஒட்டிய சின்ன ஊர். ராரிட்டன் அவென்யூ கடைத்தெரு. ஏருவ் எடிசனுக்குள்ளும் வருகிறது. உங்கள் மகள் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து அதற்குள்ளேயேகூட நீங்கள் குடியிருக்கலாம்.

வரலாற்றுவாத்தியார்
கணேசன் தம்பி, சொன்னபடி நேற்று மதியம் போய்வந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் ஒரே பரபரப்பு. பேக்கரியில் பின்னல் ரொட்டி வாங்க வரிசை, எல்லார் கையிலும் இரண்டிரண்டு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார், எந்த ஊர் என்றார். இந்தியாவில் தெற்கே என்றதும் கொச்சியா என்று கேட்டார். கொச்சி யூதரின் செப்பேட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது, முயிரிக்கோட்டில் இருந்து, வட்டெழுத்தில். அந்த எழுத்தை என் மொழிக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள் என்றேன். ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்கு வரச் சொன்னார்.

போகலாம் என்று இருக்கிறேன். என்ன உடை, என்ன செய்யக்கூடாது, யாராவது சொல்லுங்களேன்.

மூன்றாறு
தாராளமாகப் போங்கள் ஐயா. சில விஷயங்கள்:

முதலில் அந்தப் பெரியவரிடமே எந்த ஜெப ஆலயம், எத்தனை மணி என்று கேட்டு, அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். 2018-க்குப் பிறகு பல இடங்களில் வாசலில் காவலர் இருக்கிறார். தெரியாத ஆள் வந்தால் பெயர் கேட்பார்கள், பையைப் பார்ப்பார்கள். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். பை இல்லாமலே போவது நல்லது.

முழுக்கைச் சட்டை, பேண்ட் போதும். தலைக்குக் கிப்பா வாசலிலேயே வைத்திருப்பார்கள், எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனை வீட்டில் விட்டுவிடுங்கள். படம் எடுப்பது, குறிப்பு எழுதுவது எதுவும் அன்றைக்குக் கூடாது. நோட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்காருவார்கள், மகளும் வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெண்களுக்குக் கை கொடுக்க வேண்டாம், அவர்களாக நீட்டினால் சரி.

வழிபாடு இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். தோராச் சுருள் வைத்திருக்கும் பேழையைத் திறக்கும்போது எல்லாரும் எழுந்தால் நீங்களும் எழுந்துகொள்ளுங்கள். முடிந்ததும் கிடூஷ் என்று சிற்றுண்டி இருக்கும், பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவார், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நீங்கள் சைவம் என்றால் சோலன்ட் என்ற இரவு முழுக்க அடுப்பில் கிடந்த குழம்பைத் தொடாதீர்கள், பெரும்பாலும் மாட்டிறைச்சி போட்டிருப்பார்கள். கூகல் கேளுங்கள், நூடுல்ஸிலோ உருளைக்கிழங்கிலோ செய்தது, முட்டை உண்டு.

கடலூர்கணேசன்
முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். நீங்கள் யூதர் இல்லை, உங்களுக்கு ஓய்வுநாள் விதி கிடையாது. ஆனாலும் ஆலய வாசலில் காரில் போய் இறங்காதீர்கள். மருமகன் இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டால் போதும், மீதியை அவர்களோடு சேர்ந்தே நடந்துவிடலாம். அப்புறம், தேதி பார்த்துப் போங்கள். புரட்டாசி வாக்கில் அவர்களுக்கு வரிசையாகப் பண்டிகை. யோம் கிப்பூர் நாளில் உபவாசம், ஆலயத்தில் இடமே இருக்காது. அதற்கு முன்னால் ஏதாவது ஒரு சாதாரண சனிக்கிழமை பாருங்கள்.